அந்திமத் துணையும் அதன் விலையும்

பிரசவ வேதனையிலுள்ள தாயின் அருகிலிருந்து தைரியம் சொல்லும் 'டூலா' என்னும் துணைப்பெண்ணின் பணியைக் கண்டு, மரணத்தறுவாயில் இருப்போருக்கும் அத்தகைய துணை அவசியமென்று உணர்ந்த ஹென்றி ஃபெர்ஸ்கோ-வைஸ் என்ற அமெரிக்கச் சமூக சேவகர், 2003இல் நியூயார்க் நகரத்து ஹாஸ்பிஸ் என்னும் அந்திமப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் தொண்டர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். அன்று தொண்டாக இருந்தது இன்று 'மரண டூலா' என்ற தொழிலாகப் பரவியிருக்கிறது.

இதன் மேன்மை சிகிச்சையில் இல்லை, அவகாசத்தில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குமேல் ஜீவித்திருப்பது அரிதென்று வைத்தியர் சான்றளித்த முதியோருக்கு மெடிகேர் என்னும் அமெரிக்க அரசாங்கக் காப்பீடு ஹாஸ்பிஸ் பராமரிப்பை அளிக்கிறதெனினும், வீட்டுக்கு வரும் தாதி வலியையும் மருந்தையும் கவனித்துவிட்டு அடுத்த நோயாளியை நாடிச் செல்ல வேண்டியவரே அன்றி, இரவெல்லாம் கட்டிலருகே அமர்ந்திருக்க இயலாதவர். டூலா அமர்ந்திருக்கிறார். உலர்ந்த உதடுகளைப் பஞ்சினால் நனைக்கிறார். தொண்டையில் கரகரப்பு எழுந்து, சுவாசம் நின்று நின்று வருகையில், தந்தைக்கு மூச்சுத் திணறுகிறதோ என்று பதறும் மகளிடம், பிராணன் பிரியும் வேளையில் இது இயல்பே என்று மெல்ல எடுத்துரைக்கிறார். அந்த ஒரு சொல் கிட்டாத வீட்டிலேதான், பீதியினால் ஆம்புலன்ஸை அழைத்துவிட, தம் படுக்கையிலேயே கண்மூட விரும்பியவர் ஆஸ்பத்திரியில் கண்மூட நேர்கிறது.

ஆயினும், இத்தொழிலுக்கு அங்கே அரசாங்க உரிமம் என்பதில்லை. சில நாட் பயிற்சி பெற்றவரும் பல்லாண்டு அநுபவமுடையவரும் ஒரே பெயரால் வழங்கப்படுகின்றனர். மருந்து கொடுப்பது தம் வேலையன்று என்று டூலாக்கள் வகுத்துக்கொண்ட வரம்பு போற்றத்தக்கதே. ஆனால், நள்ளிரவில் வலி மிகும்போது அவ்வரம்பைக் காப்பது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்ததாக இருப்பது போதாது. இதனினும் என்னை வருத்துவது கட்டணம். டூலாவின் ஊதியத்தை மெடிகேர் ஏற்பதில்லையாதலால், குடும்பமே கைப்பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் தூரதேசத்திலிருக்க வாடகை அறையில் தனியே கிடக்கும் ஏழைக்கே இந்தத் துணை மிகுதியும் வேண்டும், அவருக்கே அது கிட்டாமற் போகிறது.

கட்டணமின்றியும் இத்தகைய துணையை அளிக்கலாம் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. ஒரேகன் மாநிலத்தில் சாண்ட்ரா கிளார்க் என்ற தாதியிடம் முதியவர் ஒருவர் சற்றுநேரம் தம் அருகில் இருக்கும்படி கெஞ்ச, மற்ற நோயாளிகளைக் கவனித்து அவர் திரும்புவதற்குள் அம்முதியவர் தனியே மாண்டுபோனார். அத்துயரிலிருந்து பிறந்து, 2001இல் யூஜீன் நகரத்து ஆஸ்பத்திரியில் தொடங்கிய 'ஒருவரும் தனியே இறக்கலாகாது' என்னும் ஏற்பாடு, தொண்டர்களைக் கொண்டே நடக்கிறது. ஆனால், தொண்டை மட்டுமே நம்பியிருப்பது போதாது. ஆகவே டூலாவின் பணியை ஹாஸ்பிஸின் அங்கமாக்கி, அதன் செலவைப் பொதுக் காப்பீட்டில் சேர்ப்பதே நியாயம். அதுவரையில், இதைக் கற்பிக்கும் நிலையங்கள் தம் மாணாக்கரை முதலில் துணையற்றோரின் கட்டிலருகே அனுப்புக.