பறை என்னும் சொல்

ஒரு சொல்லின் பிறப்பை ஆராயப் புகுவோர் பலர் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றனர். ஆங்கில அகராதிகளிற் காணும் ‘பறையா’ என்னும் சொல்லே இதற்குச் சான்று. பறை கொட்டுவோன் என்று மூலம் காட்டி, விலக்கப்பட்டவன் என்று பொருளுரைத்து முடித்துவிடுவர். 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல் பாதிரியாரும் பறையாகிய முரசினின்றே அப்பெயரைப் பெற்றார். அப்பறைக்கு அப்பெயர் வந்தது எங்ஙனம்?

பறைதல் என்பது சொல்லுதல். மலையாளத்தார் இன்றும் சொல்லுவதைப் ‘பறயுக’ என்பர். பேச்சும் முரசும் வேறு வேறு வேர்கள் எனப் பிரிப்போரும் உளர். எனினும் அரசாணை, போர், மணம், சாவு அனைத்தையும் ஊருக்கு அறிவித்த கருவிக்குச் ‘சொல்வது’ என்று பெயரிட்டனர் எனக் கொள்வதே பொருத்தமென்பது நம் துணிபு. தோட்டத்தார் வழங்கும் ‘தப்பு’ என்ற பெயரோ அடிக்கும் தொழிலால் வந்தது. துணியை அடித்துத் துவைப்பதும் தப்புதலே. தப்பு என்றவுடன் பிழையென்று நகைப்போரைத் தோட்டத்து ஆபீசுகளில் நாம் கண்டதுண்டு. படித்தவரும் அவருள் அடக்கம்!

பண்டைத் தமிழர் இவ்வாறு நகைத்திலர். தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு முதலியவற்றோடு பறையையும் வைத்தது. குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி என நிலந்தோறும் ஒரு பறை உண்டு. புறநானூற்று 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் நான்கே குடிகளைச் சிறப்பித்துக் கூறுகின்றார். பறையன் அவற்றுள் ஒன்று. 194ஆம் பாட்டிலோ ஒரு வீட்டிற் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒருங்கே ஒலிக்கின்றன. பிற்காலத்தார் சாவை மட்டும் பறைக்கு விட்டு, மணத்தைப் பறித்துக்கொண்டனர்.

திருப்பாவை உரைகளை நோக்குமின். ஆண்டாள் வேண்டும் பறையை இறைவனுக்குச் செய்யும் தொண்டென உயர்த்தினர் வைணவ ஆசிரியர். நல்ல உரைதான். ஆயின் மார்கழிதோறும் பறை வேண்டிப் பாடிய ஊர்களிலேயே பறையடிப்பவன் கோயிலுக்குப் புறத்தே நின்றான். சொல் உள்ளே சென்றது, அதற்குரியவன் செல்லவில்லை.

புக்கிட் பாத்தோக் என்னும் பெயருக்கும் இரு வழக்குண்டு. கல்லுடைக்கும் வெடியோசை இருமலை ஒத்ததால் வந்தது என்பர் சிலர். தேங்காயொடு தொடர்புடைய சாவகச் சொல் என்பர் வேறு சிலர். எது மெய்யாயினும் அவ்வூரார் எவருக்கும் இழிவில்லை. பறையின் செய்தி அத்தகையதன்று. ஒரு மக்களின் பெயர் அதிற் கட்டுண்டு கிடக்கிறது. இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். ஆங்கிலேயர் வசையாக்கிய சொல்லை அவர் தலைப்பில் அச்சிட்டு விற்றார். அகராதிக்காரர் அவ்வேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.