கௌரவம் எனும் காலிப் பணியிடம்

1

ஒரு அரசுக் கல்லூரியில் எனக்குக் 'கௌரவ விரிவுரையாளர்' வேலை கிடைத்த அன்று, வெண்ணந்தூரில் எங்கள் தெருவின் தறிக்கார மாமா ஒருவர் ஆணையை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். எதிரே நாலு தறி ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும்.

'ஏம்ப்பா, கௌரவம்னு போட்டிருக்குதே, அப்பச் சம்பளம் கெடையாதா?'

'இருக்குது மாமா. ஆனா மே மாசத்துக்குக் கெடையாது.'

'அப்ப எங்களாட்டந்தான்னு சொல்லு. பாவு இல்லாத மாசம் கூலியில்ல.'

அவர் கேலி செய்யவில்லை. அந்தச் சொல்லுக்கு அவருக்குத் தெரிந்த அர்த்தத்தைச் சொன்னார், அவ்வளவுதான். கௌரவத் தலைவர் என்றால் சம்பளமில்லாத தலைவர், கௌரவ நீதிபதி என்றால் சம்பளமில்லாத நீதிபதி. அப்படியானால் கௌரவ விரிவுரையாளர் யார்? எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு வராத கேள்வி அவருக்கு வந்தது. அந்தக் கேள்வியை ஏணியின் உச்சிவரை கொண்டுபோய்ப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

2

உச்சியில் என்ன இருக்கிறது? ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் தம் ஆசிரியருக்குத் தரும் மிக உயர்ந்த பட்டங்கள் இருக்கின்றன. ஹார்வர்ட் 1935இல் 'பல்கலைக்கழகப் பேராசிரியர்' என்றொரு இடத்தை உண்டாக்கியது. அந்தப் பட்டம் பெற்றவர் எந்தத் துறைக்கும் கட்டுப்பட்டவரல்லர். துறைகளின் வேலியைத் தாண்டி ஆராயலாம், கற்பிக்கலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இதற்கு இணையானது 'நிறுவனப் பேராசிரியர்'. நோம் சோம்ஸ்கிக்கு 1976இல் அது கிடைத்தது. கொலம்பியாவில் எட்வர்ட் சயீத் 1992இல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். காயத்ரி ஸ்பிவாக் 2007இல். இந்தியாவில் 1949இல் தொடங்கிய தேசியப் பேராசிரியர் பதவியின் முதல் ஆள் சி.வி. இராமன். இவை தவிர ஓய்வுக்குப் பிறகு தருகிற 'எமரிட்டஸ்' உண்டு. நம் பல்கலைக்கழகங்கள் அதைத் 'தகைசால் பேராசிரியர்' என்கின்றன, ஈழத்தில் 'தகைசார் பேராசிரியர்', 'வாழ்நாள் பேராசிரியர்' என்று வழங்குகிறார்கள். கா. சிவத்தம்பி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அப்படி இருந்தவர். எமரிட்டஸ் என்பது இலத்தீன் சொல். சேவைக் காலத்தை முடித்து விடுவிக்கப்பட்ட உரோமப் படைவீரனைக் குறித்தது. போர் முடிந்தது, இனி உன்னை யாரும் அணிவகுப்புக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பதே அதன் உட்பொருள்.

நம் மரபில் பட்டம் வேறு மாதிரி வேலை செய்திருக்கிறது. தொல்காப்பியத்தின் பிற்பகுதி இயல்கள் சிலவற்றுக்கு உரை எழுதியவரை நாம் 'பேராசிரியர்' என்கிறோம். அவர் பெயர் என்ன? யாருக்கும் தெரியாது. பட்டம் மனிதரை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. நன்னூல் இன்னும் கறாரானது. நல்லாசிரியனுக்கு நிலம், மலை, தராசு, மலர் என்று நாலு உவமை சொன்ன பவணந்தி, ஆசிரியராக ஆகாதவர்க்கும் நாலு உவமை வைத்தார். அதில் முடத்தெங்கு ஒன்று: நம் தோட்டத்தில் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்தவர் தோட்டத்தில் காய் போடும் வளைந்த தென்னை. மடற்பனை இன்னொன்று: யாரையும் ஏறவிடாது, தானாக விழுந்தால்தான் பழம். பட்டம் கொடுப்பதற்கு முன்னால் தகுதியின்மைக்கும் ஓர் இலக்கணம் வேண்டும் என்று நினைத்த மரபு இது. இன்றைய பல்கலைக்கழகத்திடம் முதல் பட்டியல் மட்டும்தான் இருக்கிறது.

நவீன காலத்துக்கு வந்தால் பட்டத்தைக் கொடுக்கும் கை அரசின் கையாகிறது. கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையருக்கு 1906இல் ஆங்கில அரசு 'மகாமகோபாத்தியாயர்' பட்டம் தந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தர 1932 ஆயிற்று. சங்க நூல்கள் அச்சேறி எத்தனை காலத்துக்குப் பிறகு! மறுபுறம் மயிலை சீனி. வேங்கடசாமியை எடுத்துக்கொள்வோம். சென்னையில் தொடக்கப்பள்ளி ஆசிரியர். 'பௌத்தமும் தமிழும்', 'சமணமும் தமிழும்', களப்பிரர் வரலாறு என்று பல்கலைக்கழகத் துறைகள் தொடத் தயங்கிய வயல்களை உழுதவர். அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகள் தொகுப்பாக வெளிவர 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பட்டங்களின் வரலாறும் அறிவின் வரலாறும் ஒரே பாதையில் நடக்கவில்லை. இது தெரிந்த விஷயம்தான். ஆனால் இங்கிருந்து 'பட்டமெல்லாம் வெத்துவேட்டு' என்ற முடிவுக்குத் தாவுவது சுலபமான கலகம். நான் அதற்கு உடன்படவில்லை. ஏன் என்பதற்கு இரண்டு கதைகள்.

3

ரொமிலா தாப்பர் 1970 முதல் 1991 வரை ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். 1993இல் அப்பல்கலைக்கழகம் அவரைத் தகைசால் பேராசிரியராக்கியது. பத்மபூஷண் விருதை அவர் இரண்டு முறை, 1992லும் 2005லும், மறுத்திருக்கிறார். கல்விசார் நிறுவனங்களும் தன் தொழில் சார்ந்தவர்களும் தருவதை மட்டுமே ஏற்பேன் என்பது அவர் நிலைப்பாடு. அதாவது அரசின் பட்டம் வேண்டாம், பல்கலைக்கழகத்தின் பட்டம் போதும் என்று கோடு போட்டு வாழ்ந்தவர். 2019இல் அந்தப் பல்கலைக்கழகமே அவருக்குக் கடிதம் எழுதியது: உங்கள் தன்விவரக் குறிப்பை அனுப்புங்கள், பட்டத்தைத் தொடரலாமா என்று பரிசீலிக்க வேண்டும். அப்போது அவருக்கு வயது 87.

நிர்வாகத்தின் பதிலையும் சொல்லிவிட வேண்டும். எழுபத்தைந்து கடந்த மற்றவர்களுக்கும் இதே கடிதம்தான் போனது, 2018இல் திருத்திய விதியின்படி நடக்கிறோம் என்றார்கள். உடல்நிலை, விருப்பம், பல்கலைக்கழகத்தின் தேவை எல்லாம் பார்க்க வேண்டுமாம். தாப்பர் மறுத்தார். இந்தப் பட்டம் முடிந்துபோன பணிக்கான அங்கீகாரம், வாழ்நாளுக்கானது, இதில் மறுபரிசீலனைக்கு என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். இவ்வளவுக்கும் அந்தப் பட்டத்துக்குச் சம்பளமில்லை.

சம்பளமில்லாத ஒன்றை ஏன் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும்? இங்கேதான் பட்டத்தின் அரசியல் இருக்கிறது. அந்த நிர்வாகத்தைத் தாப்பர் வெளிப்படையாக விமர்சித்துவந்தார். படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரரை மறுபடி அணிவகுப்பில் நிற்கச் சொன்னது அந்தக் கடிதம். கௌரவம் என்பது கொடுத்து முடிந்த பொருள் அல்ல, எப்போது வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளக்கூடிய கயிறு என்று விதி எழுதிய நாளில் பட்டம் ஒப்பந்தமாக மாறிவிட்டது. பதினொரு மாத ஒப்பந்தம் எனக்கு, ஐந்தாண்டோ பத்தாண்டோ அவருக்கு.

இரண்டாவது கதை கொலம்பியா. 2000ஆம் ஆண்டு கோடையில் இஸ்ரேலியப் படை விலகிய பிறகு லெபனான் எல்லைக்குப் போன சயீத், அந்தப் பக்கம் பார்த்து ஒரு கல்லை எறிந்தார். புகைப்படம் உலகமெங்கும் வெளியானது. அவர்மீது நடவடிக்கை எடு என்று நெருக்கடி வந்தது. வியன்னாவின் ஃபிராய்டு சங்கம் 2001இல் நடக்கவிருந்த அவர் உரையை ரத்து செய்தது. கொலம்பியா ரத்து செய்யவில்லை. கல்விச் சுதந்திரத்தின் பேரால் அவரை ஆதரித்துப் பகிரங்கக் கடிதம் எழுதியது. அப்போது அந்தப் பட்டத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது: இவர் சொல்வதை, செய்வதை நாங்கள் தாங்கிக்கொள்கிறோம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அங்கே சுதந்திரம், இங்கே அடிமைத்தனம் என்று மேற்குக்குத் தோரணம் கட்டிவிடலாம். அதைச் செய்ய விடாமல் தடுக்கிறது 2024. ஏப்ரல் மாதம் அதே கொலம்பியா வளாகத்தில் பாலஸ்தீனத்துக்காகக் கூடாரமடித்து உட்கார்ந்த மாணவர்களைக் கைதுசெய்ய நிர்வாகமே போலீசைக் கூப்பிட்டது. ஏப்ரல் 18இல் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது, 30ஆம் தேதி மறுபடியும். சயீத்தின் கல்லைத் தாங்கிய நிறுவனம், சயீத்தைப் படித்த பிள்ளைகளின் கூடாரத்தைத் தாங்கவில்லை. உச்சியில் இருப்பவருக்கான சகிப்பு ஒரு சலுகை. அது படியிறங்கி வருவதில்லை.

நமக்கும் இது புதிதல்ல. 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அன்றைய முதல்வர் மு. கருணாநிதிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தபோது எதிர்த்த மாணவர்கள் தடியடி வாங்கினார்கள். உதயகுமார் என்ற மாணவர் உயிரிழந்தார். பட்டம் வாங்கியவர் யார், பொருத்தமானவரா என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்தை எதிர்க்கும் மாணவரை எப்படி நடத்துகிறது என்பதுதான் அளவுகோல்.

4

இனி ஏணியின் கீழ்ப்படிக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல், அழைப்பு விரிவுரையாளருக்கு வகுப்பு ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று வரையறுத்தது. 2022 ஆசிரியர் நாளன்று ஓய்வுபெற்ற பேராசிரியர்களுக்கு ஒரு நல்கையை அறிவித்தது: 100 பேருக்கு, மூன்றாண்டுகளுக்கு, மாதம் 50,000. இரண்டு இடத்திலும் ஒரே தொகை. மேலே அது கைக்கு வருகிறது. கீழே அது தாளில் நிற்கும் உச்சவரம்பு. தமிழக அரசுக் கல்லூரிகளில் அதற்குப் பிறகும் மாதம் 20,000, அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம் என்றுதான் ஓடியது. ஓய்வுபெற்ற அறிஞருக்குக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் ஆராயட்டும். ஒரே சொல் மேலே வணக்கமாகவும் கீழே கூலிக்குறைப்பாகவும் எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் கேட்கிறேன்.

மேலே கௌரவம் என்றால் வேலையிலிருந்து விடுதலை, பெயர் நிலைக்கும். கீழே கௌரவம் என்றால் வேலை முழுசாக உண்டு, பணியிடம் இல்லை. இரண்டுமே நிரந்தரப் பணியிடத்துக்கு வெளியே நிற்கின்றன. நடுவில் காலியாகக் கிடக்கும் நிரந்தரப் பணியிடத்தை இந்தச் சொல் மூடி வைக்கிறது. 'தினக்கூலி விரிவுரையாளர்' என்று பெயர் வைத்திருந்தால் இந்நேரம் சங்கம் கட்டி, நீதிமன்றம் போய், எப்போதோ வேறு பேச்சு ஆகியிருக்கும். 'கௌரவம்' என்று வைத்ததால், சம்பளம் கேட்பதே கௌரவக் குறைச்சல் என்ற கூச்சம் நம் வாயில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கருத்தியல் என்பதைப் பாடநூலில் தேட வேண்டியதில்லை. பணி ஆணையின் முதல் வரியில் இருக்கிறது.

2022இல் இன்னொரு பட்டமும் வந்தது: நடைமுறைப் பேராசிரியர். முனைவர் பட்டம் கட்டாயமில்லை, துறையில் குறைந்தது பதினைந்தாண்டு அனுபவம் வேண்டும், மூத்த பொறுப்பில் இருந்தவராக இருந்தால் நல்லது என்கிறது விதி. அதில் சம்பளமில்லாக் கௌரவ வகையும் உண்டு. எங்கள் மாமா நாற்பது வருடமாகத் தறியில் நிற்கிறார். பாவு அறுந்தால் சத்தத்திலேயே எந்தத் தறி என்று சொல்லிவிடுவார். அவரை எந்தப் பல்கலைக்கழகம் கூப்பிடப்போகிறது? அவர் 'மூத்த பொறுப்பில்' இருந்ததில்லை. அனுபவத்துக்குக் கதவு திறந்ததாகச் சொல்லிவிட்டு, உள்ளே நிர்வாகிகளின் அனுபவத்துக்கு மட்டும் பாய் விரிக்கிற பட்டம் இது.

5

ஆகப் பட்டங்களை ஒழி என்று நான் எழுதவில்லை. மூன்று காரியங்களைக் கேட்கிறேன். ஒன்று, கொடுத்த பட்டம் கொடுத்ததுதான். ஆய்வு மோசடி நிரூபணமானால் தவிர, மறுபரிசீலனை என்ற பெயரில் யாரும் தன்விவரக் குறிப்பு கேட்கக் கூடாது. இரண்டு, தகைசால் பேராசிரியர்கள் தங்கள் வளாகத்தில் கீழ்ப்படியில் நிற்பவர்களுக்காகப் பேச வேண்டும். துறையின் வேலி உங்களுக்கு இல்லை, இடமாற்றம் இல்லை, பதவி உயர்வுக் கவலை இல்லை. இத்தனை விடுதலையோடு மௌனமாக இருந்தால் நன்னூலின் முடத்தெங்குதான் நினைவுக்கு வரும். மூன்று, கீழே இருப்பவர் பெயரிலிருந்து 'கௌரவ' என்ற சொல்லை எடுத்துவிட்டு நிரந்தரப் பணியிடத்தைக் கொடுங்கள். அதுவரை 'தற்காலிகம்' என்றாவது உண்மையை எழுதுங்கள்.

போன மே மாதம் வகுப்பில்லாத நாட்களில் மாமாவின் பட்டறையில் ஊடைத்தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூலியை வார முடிவில் எண்ணிக் கொடுத்தார். எண்ணும்போது சொன்னார்: 'இதுல கௌரவமெல்லாம் இல்லப்பா. கணக்கு மட்டுந்தான்.'