கலைஞனும் உற்பத்திச் சாதனமும்: காவின் ‘கிறீஃப் பெடிகிறீ’

நியூ யோர்க்கின் பிறவுண்ஸ்வில் பகுதியில் வளர்ந்து, அந்நகரத் தீயணைப்புப் படையிற் பணியாற்றிய றப் பாடகர் கா (1972–2024), 2012இல் தாமே இசையமைத்துத் தாமே வெளியிட்ட தொகுப்பு ‘கிறீஃப் பெடிகிறீ’. துயரின் வழிமரபு என்பது அதன் பொருள்.

ஹிப் ஹொப்பின் அடித்தளமான தாளவொலி இதிற் பெரிதும் அடங்கி, தாழ்குரலிலமைந்த சொல்லே முன்னிற்கின்றது. வறுமையும் வன்முறையும் வீரமாக்கப்படாது துயரமாகவே நோக்கப்படுகின்றன. பாட்டை நம்பிப் பிழைக்கவேண்டியிராத தொழிலாளிக்கே இவ்வடக்கம் எளிதில் வாய்க்கும் எனலாம்.

எனினும், உற்பத்திச் சாதனம் கலைஞன் கைக்கு வந்தமையை முழு விடுதலையெனக் கொள்ளுதல் பொருந்தாது. விநியோகம் பிறர் வசமிருக்கும்வரை படைப்பு சிறு வட்டத்தைக் கடத்தல் அரிது. எம்மக்களைப் பாடியதோ அம்மக்களை அது சென்றடையும் வழி யாது என்பதே எஞ்சும் வினாவாகும்.