சுவரில் மாட்டிய விலக்கு

குடகில் ஒரு பழைய ஐன்மனைக்குப் போயிருந்தேன். ஒக்கா என்கிற தந்தைவழிக் குலத்தின் மூலவீடு அது. சுவரில் வரிசையாகத் துப்பாக்கிகள்: ஸ்னைடர் ஒன்று, மார்ட்டினி-ஹென்றி ஒன்று, வாய்வழியாக மருந்து கிட்டிக்கிற பழசுகள் நாலைந்து. வீட்டுப் பெரியவர் ஒவ்வொன்றையும் தாத்தா, பூட்டன் என்று ஆளைச் சொல்லித்தான் காட்டினார். எந்த ஆண்டு, எந்தப் பட்டறை என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. கூட வந்த நண்பருக்கோ அது மட்டும்தான் பொருட்டு. குழலுக்குள் கண்ணை வைத்துப் புரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

புரி தேடுவதைச் சேகரிப்பாளர் பித்து என்று தள்ளிவிட முடியாது. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கென்று தந்த என்ஃபீல்டுகளின் குழல் புரியில்லாமல் வழவழவென்று கடையப்பட்டது. புரி இல்லாவிட்டால் தோட்டா சுழலாது, தூரத்துக் குறி பிசகும். வெள்ளைச் சிப்பாய் கையிலிருப்பதைவிட ஒருபடி மட்டமானதுதான் இவன் கைக்கு வரவேண்டும். அந்தக் குழலின் உட்சுவரை ஒரு பிரதியாகவே வாசிக்கலாம். அவநம்பிக்கையை இரும்பில் எழுதிய பிரதி.

இதே பிரதியின் மறுபக்கம்தான் குடகு. 1834இல் கம்பெனி அதைப் பிடித்தது. 1837 கலகத்தை அடக்க உள்ளூர் விசுவாசிகள் உதவினார்கள். 1857இல் குடகு அமைதியாக இருந்தது. ஊரெங்கும் ஆயுதம் பறிக்கப்பட்ட காலத்தில், 1861இல், குடவர்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. லிட்டனின் 1878 ஆயுதச் சட்டத்துக்குப் பிறகும் அது நீடித்தது. சுதந்திர இந்தியாவும் அதைத் தொடவில்லை. 1959 சட்டத்தின் கீழ் தொடர்ந்து, 2019 ஆணையில் 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆணை குறிப்பிடுவது இரண்டு பேரை: 'கூர்க் இனத்தவர்', 'ஜம்மா நிலம் வைத்திருப்பவர்'. ஜம்மா என்பது படைச்சேவைக்காகக் குறைந்த வரியில் தந்த பரம்பரை நிலம். இனம், நிலம், துப்பாக்கி மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இதை வெறும் பண்பாடு என்று எப்படி வாசிப்பது?

பண்பாடாகவும் இருக்கிறது என்பதுதான் சிக்கல். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, சாவுக்கு இரண்டு. நாற்று நடவு முடிந்து வரும் கைல்பொள்து விழாவில் துப்பாக்கிகளுக்குப் பூஜை. அதற்கு வைக்கிற தோக்குப் பூ வேறொன்றுமில்லை, நம்முடைய செங்காந்தள்தான். உடனே சங்கப் பாட்டு, குறிஞ்சி, முருகன் என்று கிளம்பிவிடத் தோன்றும். தமிழ் எம்.ஏ. படித்த தோஷம், நானும் கொஞ்சதூரம் கிளம்பிப் போய்விட்டுத்தான் திரும்பினேன்.

போர்க்குணம் ரத்தத்தில் ஓடுகிறது என்பாரும் உண்டு. அந்த ரத்தத்தை நம்பி வெள்ளையன் 1902இல் கூர்க் படை ஒன்றை அமைத்தான். ஆள் போதாமல் 1904இல் கலைத்தான். கரியப்பாவும் திம்மையாவும் பிறகு தளபதிகளானது வேறு கதை.

இன அடிப்படையில் விலக்கு சரியா என்று முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவர் வழக்குப் போட்டார். 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. சிறுபான்மைச் சமூகம் ஒன்றிடமிருந்து பறித்து அரசின் கிடங்கில் சேர்ப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. அரசின் கையிலுள்ள துப்பாக்கி புனிதமானது என்று யார் சொன்னது? ஆனால் வழக்கின் இரு தரப்புக்கும் வெளியே சிலர் நிற்கிறார்கள். அந்த ஜம்மா வயல்களில் தலைமுறைகளாகப் பண்ணையடிமைகளாகக் கிடந்த எரவர்கள். நாகரஹொளே காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜேனு குறும்பர்கள். விசுவாசத்துக்குப் பரிசு தந்தபோது இவர்களுடைய விசுவாசத்தை யாரும் கேட்கவில்லை, நிலமும் வரவில்லை, துப்பாக்கியும் வரவில்லை. சுவரில் அடுக்கிய சேகரிப்பு அழகாகத் தெரிவதற்கு இந்த வெறுங்கைகளும் ஒரு காரணம். படப்புத்தகங்களில் சுவர் மட்டும் வருகிறது.

விலக்குக்குச் சொல்லப்படும் காரணங்களில் காட்டுவிலங்கும் ஒன்று. காப்பித் தோட்டங்களில் யானையிடம் சாகிறவர்களோ பெரும்பாலும் கூலிகள். கிளம்பும்போது பெரியவரிடம் கேட்டேன்: 'ராத்திரி யானை இறங்கினா யாருங்க போவாங்க?'

'ஆளுங்க போவாங்க' என்றார். 'பட்டாசு குடுத்து வெச்சிருக்கோம்.'