ஏடு பெயர்த்தலும் தளம் பெயர்த்தலும்

புதிய கணினியோ கைப்பேசியோ வாங்கிய சில நாட்களுக்குள்ளாகவே, எழுதுகிறவர்கள் பலருக்குத் தம் இணையத்தளத்தையும் புதிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்ற ஆவல் பிறந்துவிடுவதையும், மாற்றி முடித்த அன்றே பழைய இடத்திலிருந்த கோப்புகளையெல்லாம் துடைத்துவிட்டு நிம்மதி கொள்வதையும் இப்போது எங்கும் காண்கிறோம். இவ்வழக்கத்தின் முற்பாதி போற்றத்தக்கது. பிற்பாதி பெருந்தீங்கு விளைப்பது என்பது என் அபிப்பிராயம். இதற்கான ஆதாரங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டிய அவசியமில்லை. எழுத்தை ஒரு சாதனத்திலிருந்து மற்றொரு சாதனத்துக்குப் பெயர்க்கும் காரியம், புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய செயின்ட் லூயி வீதிக் கட்டடம் ஒன்றில் எழுபது ஆண்டுகளாக நடந்துவருகிறது.

1955இல் ழான் ஃபிலியோசா தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தைத்தான் சொல்கிறேன். பண்டிதர் என்.ஆர். பட் முதலிய அறிஞர்கள் சைவ ஆகமங்களைத் தேடித் தென்னாட்டுக் கோயில்களிலும் சிவாசாரியார் இல்லங்களிலும் அலைந்து, பெரும்பாலும் கிரந்த லிபியில் அமைந்த ஓலைச்சுவடிகளைத் திரட்டினார்கள். அவற்றில் பலவற்றைத் தேவநாகரியில் தாளில் பெயர்த்தும் எழுதுவித்தார்கள். கிரந்தம் அறியாத காசிப் பண்டிதரும் பாரிஸ் ஆராய்ச்சியாளரும் ஆகமத்தைப் படிக்க முடிந்தது இப்பெயர்ப்பின் பயன். ஆயினும் ஓலையில் நூல் கோக்கும் துளையைச் சுற்றி எழுதியவன் விட்ட இடைவெளியும், பூச்சி அரித்த இடத்தின் விளிம்பில் பாதி எஞ்சி நிற்கும் எழுத்தும், பின்னொருவன் வேறு கையெழுத்தில் வரிகளுக்கிடையே நுழைத்த திருத்தமும் தாளுக்கு வருவதில்லை. வந்தாலும் பெயர்த்தவருடைய தீர்ப்பாக மாறியே வருகின்றன. பிற்காலத்தில் ஓலைகளையே நேராகப் படமெடுத்து மின்வடிவில் சேமிக்கும் வசதி உண்டானபோது, தாளில் விடுபட்டவை மீண்டும் கண்ணுக்குக் கிடைத்தன. எப்படிக் கிடைத்தன? தாளில் எழுதி முடித்தாயிற்றே என்று யாரும் ஓலைகளை ஆற்றில் விடவில்லை. அவற்றை எண்ணெய் தடவி, பூச்சி அண்டாமல் காத்துவைத்திருந்தார்கள். இந்நிறுவனத்திலும் பிரெஞ்சு தூரகிழக்குப் பள்ளியின் புதுச்சேரி மையத்திலுமாக உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றதற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

இனி இணையத்துக்கு வருவோம். புதிய சாதனங்களின் நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஒரு காலத்தில் பல கைப்பேசிகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தோன்றியது. இன்று பேருந்தில் நின்றுகொண்டே நீண்ட கட்டுரையைப் படிக்கவும், பேச்சைத் தட்டச்சாக மாற்றவும், அச்சிட்ட பக்கத்தைப் படம் பிடித்து எழுத்தாக்கவும் முடிகிறது. பழைய தளங்களை அப்படியே விட்டிருந்தால் அவற்றில் பாதியை இக்கருவிகளில் திறந்து படிக்க முடியாது. யூனிகோடு பரவுவதற்கு முன்பு ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தமையால், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் நல்ல தமிழ்க் கட்டுரையும் பொருளற்ற குறிகளின் குவியலாய்க் கிடந்ததை அக்காலத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே பெயர்த்தேயாக வேண்டும், அதில் ஐயமில்லை.

ஆனால் பெயர்க்கும்போது என்ன நேர்கிறது என்பதைச் சற்று அருகிருந்து பார்க்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, முதலில் கொம்பு, பிறகு ககரம், அதன்பின் கால் என்று பதிவாகியிருக்கும். யூனிகோடிலோ மெய்யெழுத்துக்குரிய குறி முன்னும் உயிர்க்குறி பின்னுமாக அமையும். மாற்றி நிரல் இவ்வரிசையை ஓரிடத்தில் தவறவிட்டால் கொம்பு துணையின்றித் தனித்து நிற்கும். அது உடனே கண்ணில் படும், திருத்திவிடலாம். கண்ணில் படாத பிழையே கொடியது. ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தையே இட்டு எழுதும் பழக்கம் அந்நாளில் பரவலாக இருந்தமையால், ‘பௌர்ணமி’ என்று இருக்க வேண்டியது பெயர்ப்புக்குப்பின் ‘பெளர்ணமி’ என்று நின்றுவிடுகிறது. படிப்பவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். தேடுபொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். கௌரவமும் கௌதமரும் இவ்வாறே தேடியும் கிடைக்காதவர்களாய் நம் தளங்களில் மறைந்திருக்கிறார்கள். இதனினும் பெரிய சேதம், பழைய தரவுத்தளம் இலத்தீன் எழுத்துக்கென்று குறிக்கப்பட்டிருந்து, அதில் தமிழ் சேமிக்கப்பட்டிருக்கும்போது நேர்வது. தவறான முறையில் ஏற்றுமதி செய்தால், வரிக்கு வரி வினாக்குறிகள் மட்டுமே புதிய இடத்துக்கு வந்துசேரும். அவ்வினாக்குறிகளிலிருந்து மூலத்தை எந்த வல்லுநராலும் மீட்க முடியாது. மூலம் பழைய இடத்தில் இருந்தால்தான் உண்டு.

இவ்விஷயத்தில் மதுரைத் திட்டத்தாரின் நடைமுறை பின்பற்றத்தக்கது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டித் தொடங்கிய அவ்வியக்கம், தமிழ் நூல்களைத் தொடக்ககால எழுத்துருக்களிலிருந்து தகுதரம் (TSCII) என்ற பொதுக் குறியீட்டு முறைக்கும், பின்னர் அதிலிருந்து யூனிகோடுக்கும் கொண்டுசென்றது. அப்படிக் கொண்டுசென்றபோது பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒரே பட்டியலில் அருகருகே வைத்திருந்தது. ஐயம் தோன்றிய வாசகர் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். படி வைத்திருப்பதன் அருமைக்கு இன்னொரு சான்றும் உண்டு: 2009 அக்டோபரில், இலவசமாக இணையத்தளங்களுக்கு இடமளித்துவந்த ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது அங்கே குடியிருந்தவர்களில் வேறு படி வைத்திருந்தோர் பிழைத்தார்கள்; மற்றவர்களுடைய எழுத்தில் ஒரு பகுதியை இணைய ஆவணகம் போன்ற தன்னார்வ முயற்சிகள் காப்பாற்றின.

எழுத்து பிழையின்றி வந்துசேர்ந்தாலும் முகவரி என்றொரு விஷயம் எஞ்சுகிறது. 1908இல் பாரதியாரின் ‘இந்தியா’ வார இதழ் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் அச்சுக்கூடம் தடையின்றி ஓடியது; ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழையாதபடி அரசாங்கம் தடுத்தவுடன், வாசகரைச் சேரும் வழி அடைபட்டு, 1910இல் இதழ் நின்றுபோயிற்று. அன்று ஓர் அரசாங்கம் வலிந்து செய்ததை இன்று நாம் கவனக்குறைவால் நமக்கே செய்துகொள்கிறோம். வைய விரிவு வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, ஒருமுறை கொடுத்த முகவரியை மாற்றலாகாது என்று 1998இலேயே வற்புறுத்தி எழுதினார். மாற்றத்தான் வேண்டுமெனில், பழைய முகவரியைத் தேடி வருபவரைப் புதிய பக்கத்துக்கு அனுப்பிவைக்கும் நிலையான திசைமாற்று ஏற்பாடு இருக்கவே இருக்கிறது. அதைச் செய்யாதபோது, ஆய்வேட்டின் அடிக்குறிப்பிலும் நண்பர் அனுப்பிய கடிதத்திலும் உள்ள இணைப்புகளெல்லாம் பக்கம் இல்லை என்று காட்டும் ‘404’ என்ற எண்ணில் போய் முட்டுகின்றன. தமிழ்த் தலைப்பையே முகவரியாக வைத்தவர்களுக்கு இத்தொல்லை இன்னும் அதிகம்: முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது இடங்களைப் பிடிக்கிறபடியால், நீண்ட தலைப்புகள் ஒரு மென்பொருளில் ஓரிடத்திலும் மற்றொன்றில் வேறிடத்திலும் வெட்டுண்டு, பழையதும் புதியதும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகின்றன. இவற்றை ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரிபார்ப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் பெயர்ப்பில் மெய்யான உழைப்பு தேவைப்படும் இடம் அதுவே.

பழையதை வைத்துக்கொள்ள இடமில்லை என்ற சமாதானம் செல்லாது. யூனிகோடுத் தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட்டுகள் வீதம் கணக்கிட்டால், ஆயிரம் பக்க உரைநடை ஐந்து மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இக்காலக் கைப்பேசியில் எடுக்கும் ஒரேயொரு புகைப்படம் அந்த அளவுக்கு வருகிறது. மாற்றுவதற்கு முந்தைய நாளின் தரவுத்தளப் படியையும், பழைய முகவரிக்குப் புதிய முகவரி இன்னது என்ற பட்டியலையும் ஒரே உறையிலிட்டு, இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்துவிட ஒரு பிற்பகல் போதும்.