சின்னத்திரை அங்கதத்தில் எள்ளுவோன் நிற்கும் இடம்: சந்தானமும் பொறாட்டு நாடகச் சோத்தியக்காரனும்

நகை தோன்றும் களன்களுள் எள்ளலை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலும் என அதனை இருவகைப்படுத்துவார் பேராசிரியர். எள்ளப்படுவோர் யாவர் என்பதையே பெரிதும் ஆராயும் இன்றைய ஊடகத் திறனாய்வு, எள்ளுவோன் எங்கு நிற்கிறான் என்பதைக் கருதுவதில்லை.

பாலக்காட்டு மாவட்டத்தின் தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர் முதலிய பகுதிகளில் பாணர் சமூகத்தார் நிகழ்த்திவரும் பொறாட்டு நாடகம் இவ்வினாவிற்கு நல்லதொரு சான்று. (பாணர் என்னும் பெயர் தமிழாய்வாளரை ஈர்ப்பது இயல்பே, ஆயின் பெயரொற்றுமை ஒன்றே சங்கப் பாணரோடு தொடர்பை நிறுவிவிடாது.) தமிழும் மலையாளமும் கலந்த இந்நாடகத்தில் மண்ணான், மண்ணாத்தி, குறவன், குறத்தி எனப் பாத்திரங்கள் வந்து செல்கின்றன. வினவுவோனாகிய சோத்தியக்காரன் மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை களத்தில் நிற்கிறான். வருவோரை ஊரும் பேரும் கேட்டு, மடக்கி, அவர்தம் வாயாலேயே அவரது வழக்கை வெளிக்கொணர்கிறான். அவனுக்கெனக் கதை இல்லை. கதையின்மையே அவனது உரிமை எனலாம்.

விஜய் தொலைக்காட்சியில் 2000-களில் ராம்பாலா இயக்கிய 'லொள்ளு சபா' இவ்வுரிமையைச் சின்னத்திரைக்குக் கொணர்ந்தது. புகழ்பெற்ற திரைப்படங்களின் தலைப்பைத் திரித்து, காட்சிகளை எளிய அரங்கப் பொருள்களோடு மீள நடித்துக் காட்டிய அந்நிகழ்ச்சி வெறுங்கேலி அன்று. நாயகப் பிம்பத்தின் மீதான திறனாய்வு. சந்தானம் அதில் நாயக வேடமேற்றபோதும் நாயகனாகவில்லை. வசனத்தைப் பேசிக்கொண்டே அதன் பொருந்தாமையைச் சுட்டும் சோத்தியக்காரனும் அவரே ஆனார். தன்னையும் எள்ளலுக்கு உட்படுத்தும் பேராசிரியரின் இரண்டாம் வகை இங்கு அமைகிறது.

'மன்மதன்' (2004) தொடங்கித் திரைப்படத்தில் அவர் நிலை மாறிற்று. 'பாஸ் என்கிற பாஸ்கரன்' (2010), 'ஒரு கல் ஒரு கண்ணாடி' (2012) ஆகியவற்றில் நாயகனின் தோழனாக அவனை இடித்துரைக்கிறார். அவ்வுரைகளின் கூர்மை மறுக்கத்தக்கதன்று. எனினும் நாயகனது காதல் நிறைவேறுவதற்கே அவ்வெள்ளல் பயன்படுகிறது. தோழன் நாயகனைப் பழிக்கலாம். நாயகத்தன்மையைப் பழிக்க இயலாது. அத்தடை எழுந்தபின் எள்ளல் எளியோரின் தோற்றத்தையும் உடற்குறையையும் நாடிச் சென்றமை இக்காலத் தமிழ் நகைச்சுவையின் பெருங்குறை. அதில் சந்தானத்தின் பங்கு சிறிதன்று.

'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' (2014) முதல் அவரே நாயகரானார். முன்னர்ப் பகடிக்குள்ளான நாயகனின் சண்டையும் ஆடலும் இப்போது அவருக்கே உரியவாயின. ராம்பாலாவுடன் மீண்டும் இணைந்த 'தில்லுக்கு துட்டு' (2016) பேய்ப்பட மரபைப் பகடி செய்கிறது. எனினும் எள்ளப்படுவது பேயே, நாயகன் அல்லன்.