மோட்டாருக்கு உதடு கிடையாது

ராஜபாளையத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில். சாயங்கால பூஜை. திரை விலகியது. பூசாரி வலது கையில் கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டே, இடது கையால் சுவரிலிருந்த ஸ்விட்சைத் தட்டினார். டம் டம் டம்... டிங் டிங் டிங்... எனக்கு முன்னால் நின்ற குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தது. 'சாமி மேளம்டா கண்ணு' என்று அம்மா சமாதானப்படுத்தினார். குழந்தை ஒப்புக்கொள்ளவில்லை. நானும்தான்.

கூட்டம் கலைந்ததும் அந்த சாமி மேளத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இரும்பு ஸ்டாண்டு, கீழே மோட்டார். அது சுற்றச் சுற்ற ஒரு குச்சி முரசை அடிக்கிறது, ஒரு கம்பி மணிகளை ஆட்டுகிறது, ஒரு சுத்தி சேகண்டியைத் தட்டுகிறது. அவ்வளவுதான் சமாச்சாரம்.

நம்மவர்கள் வாத்தியங்களை நாலு குடும்பமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தோல், துளை, நரம்பு, கஞ்சம். எது அதிர்கிறது என்பதுதான் கணக்கு. தவிலில் இழுத்துக் கட்டிய தோல். வீணையில் தந்தி. ஜால்ராவில் உலோகமே. புல்லாங்குழலில் உள்ளே இருக்கும் காற்று. இதோடு மனிதத் தொண்டையையும் சேர்த்து 'மிடற்றுக் கருவி' என்றார்கள். பரதரின் நாட்டிய சாஸ்திரத்திலும் இதே நாலுதான். ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் என்ற இரண்டு ஐரோப்பியர்கள் 1914-ல் உலக வாத்தியங்களையெல்லாம் வகைப்படுத்தியபோது, அவர்களும் கிட்டத்தட்ட இதே நாலில்தான் வந்து நின்றார்கள். பிறகு 1940-ல் சாக்ஸ், மின்சார வாத்தியம் என்று ஐந்தாவது குடும்பம் ஒன்றைச் சேர்த்தார்.

கோயில் மிஷின் அந்த ஐந்தாவதில் சேருமா என்றால், சேராது. மின்சாரம் இங்கே கை மட்டும்தான், சத்தம் வருவது பழைய தோலிலிருந்தும் உலோகத்திலிருந்தும். அதாவது நாலு குடும்பத்தில் இரண்டை மட்டும் இந்த மிஷின் எடுத்துக்கொண்டிருக்கிறது. அடித்தால் சத்தம் போடுகிற இரண்டை. துளைக்கருவியை ஏன் தொடவில்லை?

பதில், பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அந்த ஊரின் அப்பாவும் பெண்ணும் துளைக்கருவியைப் பற்றித் தலைக்கு ஒரு பதிகம் பாடி வைத்திருக்கிறார்கள். பெரியாழ்வார் பாடியது கண்ணனின் குழலை. ஆண்டாள் பாடியது அவன் கைச் சங்கை.

பெரியாழ்வாரின் பதிகத்தை பக்திக்காக மட்டும் படிப்பவர்கள் ஒன்றைத் தவற விடுகிறார்கள். ஒரு வித்வானைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தவர் எழுதிய மாதிரி இருக்கும். தாடை இடது தோளில் சாய்கிறது. புருவம் நெரிகிறது. வயிறு குடம் போல் புடைக்கிறது. வாய் குவிகிறது. நெற்றியில் குட்டிக் குட்டி வியர்வை. குழலில் நடப்பதும் இதுதான். குவிந்த வாயிலிருந்து வரும் மூச்சு, துளையின் எதிர் விளிம்பில் மோதி, உள்ளேயும் வெளியேயும் மாறி மாறிப் பாய்கிறது. அதில்தான் உள்ளே இருக்கும் காற்று அதிர்கிறது. வயிறு மூச்சைக் கொடுக்காவிட்டால், வாய் குவியாவிட்டால் அது வெறும் மூங்கில். இந்தக் குழலைக் கேட்டு மாடுகள் காதைக்கூட ஆட்டாமல் நின்றதாகச் சொல்கிறார் பெரியாழ்வார். நம் மிஷினுக்குக் குழந்தை காதைப் பொத்திக்கொள்கிறது.

ஆண்டாள் நேராகச் சங்கிடமே போய்க் கேட்கிறாள், அவன் வாய்க்கு என்ன வாசனை, என்ன ருசி என்று. காதல்தான், சந்தேகமில்லை. ஆனால் விஷயமும் சரி. சங்கில் முதலில் அதிர்வது சங்கு அல்ல, ஊதுகிறவரின் உதடு. அந்த அதிர்வைத்தான் சங்கின் சுருளுக்குள் இருக்கும் காற்று வாங்கிப் பெரிதாக்குகிறது. உதட்டைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் சங்கைவிட நல்ல சாட்சி கிடையாது.

நாகஸ்வரமும் இதே குடும்பம். சீவாளியின் இரண்டு நாணல் இதழ்கள் உதட்டுக்கு நடுவே திறந்து மூடுகின்றன. விரல் வைக்க ஏழு துளைதான். இடைப்பட்ட ஸ்வரங்களுக்கு உதட்டின் இறுக்கமும் மூச்சின் அழுத்தமும் விரலின் நெளிவும் வேண்டும். மோட்டார் இங்கேதான் கையை விரித்துவிட்டது.

அதற்காக அடிக்கிற வாத்தியம் மட்டம் என்று அர்த்தமில்லை. இதே ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழியில் அரையர் சேவை நடக்கும். தலையில் கூம்புக் குல்லாய், கையில் ஒரு ஜோடி தாளம். மிடறும் கஞ்சமும் மட்டும்தான். ஆனால் அந்தத் தாளம், தான் பாடுவதைத் தானே கேட்கிறவர் கையில் இருக்கிறது. பாட்டு நின்றால் அது நிற்கும். தவில்காரர் ஒரு கையில் கழியும் இன்னொரு கை விரல்களில் கூடும் மாட்டிக்கொண்டு, கற்பூரம் மேலே ஏறும்போது தானும் ஏறுவார். மிஷினுக்குக் கற்பூரம் ஏற்றியதும் தெரியாது, அணைந்ததும் தெரியாது.

ராஜபாளையம் 1936-லேயே நூற்பாலை கண்ட ஊர். இயந்திரத்தை வைவது இந்த ஊருக்கு அழகில்லை. நான் படித்ததும் பி.காம்.தான், கோயில் கமிட்டியின் கணக்கு நன்றாகவே புரிகிறது. மிஷினுக்கு ஒரு தடவை முதலீடு, அப்புறம் கரண்ட் பில், கொஞ்சம் தேய்மானம். நாகஸ்வரம் ஒருத்தர், தவில் ஒருத்தர் என்றால் மாதாமாதம் சம்பளம். காலையில் ஆளே வராத கோயிலில் ஒரே பூசாரி மணியும் ஆட்டி தீபமும் காட்ட வேண்டியிருக்கிறது. அவருக்கு ஸ்விட்ச் ஒத்தாசைதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. நாகஸ்வரக்காரருக்குக் கோயில் சம்பளம் வாங்கும் இடம் மட்டுமில்லை, தினமும் வாசித்துக் கை பழகும் இடம். காலைக்கு ஒரு ராகம், சாயங்காலத்துக்கு ஒரு ராகம் என்று ஆற அமர வாசித்தது அங்கேதான். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் இன்றும் நாகஸ்வரமும் தவிலும் சொல்லித் தருகிறார்கள். படித்துவிட்டு வெளியே வரும் பையன் எங்கே போய் வாசிப்பான்? கல்யாண வீட்டில்தான். அங்கே பந்தியின் இரைச்சலில் சினிமாப் பாட்டு கேட்பார்கள், அரை மணியில் 'போதும்பா' என்பார்கள். ஒரு பக்கம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் வாசிக்கும் இடத்தில் மோட்டாரை வைப்பது என்ன நிர்வாகம் என்று எனக்குப் புரியவில்லை.

மிஷினைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டுமாவது ஸ்விட்சை அணையுங்கள். உள்ளூர்க்காரர் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். கமிட்டியின் வரவு செலவில் பெயின்ட், சீரியல் பல்பு, மைக்செட் வாடகைக்கு நடுவே 'வாத்தியம்' என்று ஒரு வரி சேருங்கள். மைக்செட்டுக்குக் கொடுப்பதையாவது அவர்களுக்கும் கொடுங்கள்.